தகரக் குவளை வேண்டாம்

1

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இது எங்கள் குடும்பத்து விஷயம். தேயிலை மலையூரான ரிங்லெட்டில் என் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. கதையில் அண்ணனுக்கு நல்லுசாமி என்று பெயர் வைத்திருக்கிறேன். உண்மைப் பெயரைப் போட்டால் என்னோடு பேசமாட்டார். (என் பேரன் கல்யாணத்துக்கும் வரமாட்டார்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: மூடுபனி தேயிலை மலையை மெல்லத் தழுவிக்கொண்டு...

அடித்துவிட்டேன். மூடுபனியைப் பற்றி எழுதச் சுற்றுலாக்காரர்கள் இருக்கிறார்கள்.

2

நல்லுசாமியின் மருமகள் ஷர்மினி, குடும்பத்தின் தேயிலைத்தூளுக்குப் புதுப் பாக்கெட் போடுகிறாள். படமெடுக்க ஈப்போவிலிருந்து ஆள் வருகிறார். அவருக்காக அவள் பிரீஃப் எழுதிக்கொண்டிருந்தாள்: எந்தப் பொருளை எதன் பக்கத்தில், எந்த வெளிச்சத்தில் வைத்து எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே கொடுக்கும் குறிப்பு.

ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். பாக்கெட் நடுவில். காலை வெயில் இடப்பக்கமிருந்து. அடியில் பழைய பலகை. நல்லுசாமி தலையசைத்துக்கொண்டே வந்தார். பாக்கெட்டில் அவருடைய தகப்பனார் மாடசாமியின் பெயர் வரப்போகிறது. அதில் அவருக்கு... (பெருமை என்று எழுதினால் சிறியதாகிவிடும். விட்டுவிடுகிறேன்.)

பக்கத்தில் தேநீர், நீல விளிம்பு வைத்த வெள்ளைத் தகரக் குவளையில் என்று அவள் வாசித்தாள்.

"குவளை வேணாம்மா. கப் சாசர் வை."

"கப் சாசர்னா ஹோட்டல் மாதிரி இருக்கும்லா மாமா. இப்ப இதான் ஓடுது. பிரிஞ்சாங் கடைங்க பூரா தேடி வாங்கிட்டு வந்தேன்."

"வேணாம்."

"ஏன் மாமா?"

3

கதை இங்கே நின்றுவிட்டது. காரணத்தை நான்தான் சொல்லியாக வேண்டும்.

துரை பங்களாவின் பின்வாசலில் ஓர் ஆணியில் அப்படியொரு குவளை தொங்கும். தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்தும் அப்பாவுக்கு (மாடசாமிக்கு என்று திருத்திக்கொள்ளுங்கள்) அதில்தான் தேநீர். நின்றபடியே குடித்து, தானே கழுவி, மறுபடி மாட்ட வேண்டும். அதனால்தான் நல்லுசாமி வீட்டில் கேஸ் கொண்டுவருபவருக்கும் லாரி டிரைவருக்கும்கூடக் கப் சாசரில், உட்காரவைத்துத்தான் கொடுப்பார்கள். வழக்கம் மருமகளுக்குத் தெரியும். காரணம் தெரியாது. வெளியே சொல்லக் கூடாது என்பது மாடசாமியின் கட்டளை.

சொல்லாவிட்டால், கடைக்குக் கடை அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் குவளை உட்காரும்.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நல்லுசாமி மேசையைத் தட்டினார். எங்கள் வீட்டில் யாரும் மேசையைத் தட்டுவதில்லை. அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் "கண்ணுக்கு நல்லா இல்ல" என்றார். "போட்டோவுல பாருங்க மாமா, அப்புறம் நீங்களே விடமாட்டீங்க" என்று அவள் சிரித்தாள். குவளை தங்கிவிட்டது. இதையும் அடித்துவிட்டேன், கொஞ்சம் கோபமாகவே.

மூன்றாவதில் சொல்லிவிடுகிறார். ஷர்மினி நல்ல பெண். அந்த வரியை உடனே எடுத்துவிடுவாள். ஆனால் அதற்குப் பிறகு மாமனாரின் தகப்பனார் படத்துக்குப் பூ வைக்கும் போதெல்லாம் அவளுக்கு ஒரு பின்வாசல் தெரியும். அந்தப் பெயரில் கங்காணி மறைந்து, நின்று குடித்த மனிதர் மட்டும்...

5

குடும்பத்துக்கு வெளியே இதை அறிந்தவர்கள் இப்போது நீங்கள்தான். குடும்பத்துக்கு உள்ளே இருக்கும் ஷர்மினிக்கு இன்னும் தெரியாது. அந்த வரியின்மேல் பேனாவை நிறுத்திக் காத்திருக்கிறாள். வாசலில் ஈப்போ கார் வந்து நிற்கிறது.

நல்லுசாமி வாயைத் திறக்கிறார். நான் தம்பி, அவர் வாயில் வார்த்தை வைக்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் வையுங்கள்.

மரியாதையாக வையுங்கள்.