மொனாரோவுக்கு எத்தனை குதிரை

1977 டிசம்பரில் சிவனேஸ்வரிக்கு ஆஸ்திரேலியாவின் வாரகல் என்ற ஊரில் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியை வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் படிப்பித்தவள். மெல்பேர்னுக்கு வந்த பிறகு மூன்று வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாள். நியமனக் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் உறைத்தது: அவர்கள் குடியிருந்த ஸ்பிரிங்வேலிலிருந்து வாரகல் எண்பது கிலோமீற்றர். முதல் ரயிலில் போனாலும் பாடசாலை மணி அடித்துவிடும்.

"கார் இருக்குத்தானே," என்றார் கணவர் இந்திரகுமார்.

இருந்தது, கராஜில், எஞ்சின் இல்லாமல். எஞ்சின் வெடித்ததால் யாரோ கைவிட்ட 1969 மொனாரோ அது. கடைசல் வேலை செய்யும் இந்திரகுமார் இரண்டு வருடமாகத் துருவைச் சுரண்டி, மஞ்சள் பூசி, கண்ணாடிபோல வைத்திருந்தார். பழைய கார்களை உடைத்து விற்கும் இடமொன்றில் அதற்குப் பொருந்தும் எஞ்சின்கள் இரண்டு கிடந்தன. ஒன்று முந்நூறு குதிரைவலு. மற்றது நூற்றி எண்பத்தைந்து.

"முந்நூறுதான். இந்தக் காருக்கு அதைவிடக் குறைஞ்சதைப் போட்டா வேலையிடத்திலை சிரிப்பாங்கள்."

"காரை ஓடப்போறது நான்," என்றாள் சிவனேஸ்வரி. "முதல்லை ஓடிப் பாக்கிறன்."

இந்திரகுமாருடன் வேலை செய்யும் பாஸ்கர், மலேசியாவிலிருந்து வந்த ஈப்போக்காரன், அதே முந்நூறு குதிரை எஞ்சின் உள்ள மொனாரோ வைத்திருந்தான். "எடுத்துட்டுப் போங்கண்ணே. அக்காகிட்ட சொல்லுங்க, மிதிச்சா பறக்கும்," என்று சாவியைக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலை கணவனும் மனைவியும் அந்தக் காரில் வாரகலுக்குப் புறப்பட்டார்கள். வழியில் ட்ரூவின் என்ற ஊருக்கு முன்னாலுள்ள ஏற்றத்தில் பால் லொறி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே வெறும் தெரு. சிவனேஸ்வரி மிதித்தாள். கார் உறுமிக்கொண்டு லொறியைத் தாண்டிப் பாய்ந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருடத்தில் அப்படி அவள் சிரித்து இந்திரகுமார் கேட்டதில்லை. எஞ்சின் விடயம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்.

திரும்பும்போது மழை பிடித்தது. ஸ்பிரிங்வேல் ரயில் கடவையில் சிவப்பு விளக்கு அணைந்ததும், பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்க, அவள் சற்றுப் பதறி மிதித்துவிட்டாள். ஈரத் தண்டவாளத்தில் பின்சக்கரங்கள் வழுக்கின. கார் அரைவட்டம் சுழன்று, வேலிக்கு ஒரு முழம் இருக்க நின்றது.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை. காரில் ஒரு கீறலும் இல்லை.

"பிழை என்ரைதான். மழைக்கை உம்மை ஓட விட்டிருக்கக் கூடாது," என்றார் இந்திரகுமார்.

அவள் காரைத் தெருவோரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு கேட்டாள். "இஞ்சருங்கோ, அந்த லொறியை முந்தேக்கை நான் எவ்வளவு மிதிச்சனான்?"

இந்திரகுமார் யோசித்தார். பக்கத்திலிருந்து அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தவர் அவர்.

"அரைவாசிகூட இல்லை."

"அப்ப மலையேறி லொறியை முந்த நூற்றைம்பது போதும். கையிருப்புக்குக் கொஞ்சம் வேணும். மிச்சக் குதிரையள் ஆருக்கு?"

அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. வேலையிடத்து வாசலில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பதற்கு. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"எனக்குத்தான்," என்றார் கடைசியில்.

அவள் சிரித்துவிட்டாள்.

கிறிஸ்மஸ் விடுமுறையில் சின்ன எஞ்சினைப் பூட்டினார். பாஸ்கரும் கைகொடுத்தான், புறுபுறுத்துக்கொண்டே. முதல்தரம் முடுக்கியபோது எட்டுச் சிலிண்டரும் ஒன்றாக, அடித்தொண்டையில் முழங்கின. பாஸ்கர் தலையைச் சாய்த்துக் கேட்டான். "பரவால்லண்ணே, இதுவும் சிங்கம்தான்!"

பெப்ரவரியில் பாடசாலை தொடங்கியது. முதல் கிழமை முழுவதும் இந்திரகுமார் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார். வெள்ளிக்கிழமை மஞ்சள் கார் வளைவில் திரும்பியபோது அதன் பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. பதறி ஓடினார்.

சிவனேஸ்வரி இறங்கி டிக்கியைத் திறந்தாள். உள்ளே ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, மண் ஈரத்தோடு.

"ஒரு பிள்ளையின்ரை தகப்பன் தந்தவர். மகளுக்குப் பின்னக்கணக்கு விளங்கிட்டுதாம்."

இந்திரகுமார் மூட்டையைத் தோளில் ஏற்றினார். "நாளைக்குப் பாஸ்கரைச் சாப்பிடக் கூப்பிடுவம். சின்ன எஞ்சின் என்ன சுமந்து வந்ததெண்டு அவனும் பாக்கட்டும்," என்றார்.