பழுக்கவைக்கும் அறையின் பச்சை விளக்கு

சின்னமனூர் பக்கத்து வாழைக் குடோனில் வேலை பார்க்கும் பஞ்சம்மாள் மயங்கி விழுந்த சேதி, தேனி ஆபீசுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. டிபன் பாக்ஸைத் திறந்த பவானி அப்படியே மூடிவிட்டாள்.

வாழைத்தாரை அடுக்கிப் பழுக்கவைக்கும் அடைத்த அறை அது. காய் பழுக்கப் பழுக்க உள்ளே கரியமில வாயு சேரும். அளவு மீறினால் போகிற ஆளுக்கு மூச்சு முட்டும். அதனால் உள்ளே ஒரு சென்சார், கதவுக்கு மேலே ஒரு விளக்கு. சிவப்பு எரிந்தால் போகக்கூடாது, பச்சை எரிந்தால் போகலாம். சென்சார் சொல்வதைக் கேட்டு விளக்கை மாற்றும் மென்பொருள் பவானியின் கம்பெனியில் எழுதியது. அதைச் சோதித்து, சரியென்று சொன்னவள் அவள்தான்.

குடோன் சூப்பர்வைசர் ஜேசுராஜ் போனில் சொன்னார். "கரண்டு போச்சுன்னு ஜெனரேட்டர் போட்டோம். அந்தம்மா உள்ள போனாக. செத்த நேரத்துல டிரே விழுந்த சத்தம். மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் போயி இழுத்துட்டு வந்தேன். உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம்."

கம்பெனி முதலாளி சுந்தர்ராஜ் பவானியின் மேசைக்கு வந்து நின்றார்.

"விளக்கப் பாக்காம போயிருக்கும். நம்ம டெஸ்ட் எல்லாம் பாஸ்தானே?"

"பாஸ்தான் சார்."

ஆனால் நிஜ சென்சார் அவள் மேசைக்கு வந்ததே கிடையாது. வாங்கியதெல்லாம் நேராகக் குடோன்களுக்குப் போய்விட்டன. அதற்குப் பதிலாக போலிக் கருவிகளை உருவாக்க உதவும் மாக் லைப்ரரி என்ற மென்பொருளை வைத்து ஒரு போலி சென்சாரைச் செய்துகொண்டாள். கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிற ஒன்று. எப்போது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் எழுதிவைப்பாள். அது அட்சரம் பிசகாமல் சொல்லும். வாயு கூடிவிட்டது என்று சொல்லவைத்தாள், குறைந்தது என்று சொல்லவைத்தாள், ஒயர் அறுந்தது என்றுகூடச் சொல்லவைத்தாள். நூற்றுப் பதினெட்டுச் சோதனைகள். ஒன்றுகூடத் தவறவில்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் குடோனுக்குப் போனாள். ஜேசுராஜிடம் உபரியாக ஒரு சென்சார் இருந்தது. அதைக் கதவு விளக்கோடும் தன் லேப்டாப்போடும் இணைத்து, பாலிதீன் பைக்குள் போட்டு, பையின் வாயில் உதட்டை வைத்து ஊதினாள். அளவு ஏறியது, விளக்கு சிவப்பானது. பையை இறுக்கிக் கட்டிவிட்டு, கரண்டு போனதுபோல ஒயரைப் பிடுங்கினாள். மறுபடி செருகினாள்.

பச்சை எரிந்தது.

பைக்குள் அதே காற்றுதான். சென்சார் நானூறு, நானூறு என்று சுத்தமான காற்றின் அளவையே சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம் கழித்துத்தான் சடாரென்று ஏறிச் சிவப்பானது.

ஜேசுராஜ் விளக்கை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அப்ப அந்தம்மா பாத்துட்டுத்தான் போயிருக்காக" என்றார். "கண்ணு அவிஞ்சு போச்சான்னு ஏசிட்டேன்."

பவானி வெளியே வந்து சுந்தர்ராஜுக்குப் போன் செய்தாள். "இத இப்ப யாருகிட்டயும் சொல்லாத" என்றார் அவர். "கமுக்கமா சரிபண்ணி அனுப்பிருவோம்."

"ரெண்டு நாளாகும் சார். இன்னும் ஆறு குடோன்ல இதே விளக்குதான் இருக்கு. அங்கயும் கரண்டு போகும்."

அவர் யோசிக்கிறேன் என்றார். அவள் யோசிக்கவில்லை. ரோட்டோரம் நின்றபடியே ஆறு குடோனுக்கும் பேசி, விளக்கை நம்பாதீர்கள், கதவைத் திறந்து காற்றாடவிட்டுப் போங்கள் என்று சொல்லி முடித்தாள். கம்பத்திலிருந்து வந்த பஸ் இரண்டு அதற்குள் கடந்து போயிருந்தன.

ஆஸ்பத்திரியில் பஞ்சம்மாள் தலையில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். விழுந்த வேகத்தில் கன்னம் கன்றியிருந்தது. பவானி கட்டிலோரம் நின்று, தான் யார், என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பச்சதான எரிஞ்சுச்சு?"

"பச்சைதான்க்கா."

"நான் சொன்னேன். ஒருத்தரும் நம்பல. எங்க வீட்டுக்காரரே என்னயக் கூறுகெட்டவள்னு சொன்னாக." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத எழுதிக் குடு தாயி. கையெழுத்துப் போட்டுக் குடு."

பவானி பைக்குள் இருந்த நோட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். பஞ்சம்மாள் வாசிக்கச் சொன்னாள். வாசித்ததும் கேட்டாள்.

"இந்த மெசினு இப்பிடிப் பொய் சொல்லும்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

சென்சாரோடு வந்த குறிப்பில் ஒரு வரி இருந்தது: மின்சாரம் வந்ததும் சூடேற மூன்று நிமிடம் ஆகும், அதுவரை வரும் அளவை நம்ப வேண்டாம். பவானி அதைப் படித்திருந்தாள். படித்த அன்று சாயந்தரமே மென்பொருளை அனுப்பியாக வேண்டியிருந்தது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். போலி சென்சாரையும் சூடேறும் நேரமே இல்லாமல், கேட்டவுடன் சரியான அளவைச் சொல்லும்படிதான் எழுதிவைத்திருந்தாள்.

"படிச்சேன்க்கா. விட்டுட்டேன்."

பஞ்சம்மாள் காகிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பவானி கொஞ்ச நேரம் நின்றாள். உட்காரச் சொல்ல ஆளில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை.