கைக்கு ஏற்ற செயின்

வாட்ச் ரிப்பேர்காரர் குடைக்கம்பியைத் தேய்த்துத் தானே செய்துகொண்ட ஊசியால் செயினில் ஒரு கண்ணியைக் கழற்றினால், சாயங்காலத்துக்குள் போட்டிருப்பவரின் மணிக்கட்டு அந்த அளவுக்கு இளைத்துவிடும். தவறுதலாக ஒன்று கூடக் கழற்றினாலும் செயின் கச்சிதமாகவே உட்காரும். இப்படி ஒரு பஸ் கண்டக்டரும் இரண்டு டீச்சர்களும் கை இளைத்துப்போனார்கள். ஒருவரும் புகார் சொல்லவில்லை. அவரும் அதைத் தன் கைவேலையின் சுத்தம் என்றே நினைத்துக் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தார்.

அவர் மனைவிக்கு அந்த ஊசியைக் கண்டாலே ஆகாது. கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்னைத் தள்ளும்போது வழுக்கி அவர் விரலைப் பதம் பார்த்துவிடும். "கடையில செட்டாவே விக்குது, வாங்கித் தொலைங்களேன்" என்பாள். "செய்யத் தெரிஞ்ச கை இருக்கையில எதுக்கு வாங்கணும்?" என்பார் அவர். கல்யாணமான புதிதிலிருந்து நடக்கிற சண்டை இது. இருவருக்கும் அலுக்கவே இல்லை.

பிறகு அவள் இளைக்க ஆரம்பித்தாள். சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். வாட்ச் முழங்கைவரை நழுவியது. ஒருநாள் அவளே போய் டூல் செட் வாங்கிவந்து மேஜையில் வைத்தாள். "இதுலயே கழட்டுங்க. அந்தக் குடைக்கம்பி சகவாசம் எனக்கு வேணாம்." நோயாளியோடு மல்லுக்கட்ட அவருக்கு மனமில்லை. ஒரு கண்ணியை எடுத்தார். மிச்சம் சாயங்காலத்துக்குள் தானே சரியாகிவிடும் என்று இருந்தார். ஆகவில்லை. செயின் தொளதொளவென்றே கிடந்தது. அப்படியானால் இத்தனை வருஷமும் கைக்கு ஏற்பச் செயின் அமைந்ததா, செயினுக்கு ஏற்பக் கை மாறியதா? கண்டக்டரையும் டீச்சர்களையும் நினைத்துப் பார்த்தார். காரணம் ஊசியா, தன் கையா, பின்னை எப்போதும் செயினின் உட்பக்கம் போட்டிருக்கும் அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிற தன் பழக்கமா என்று தலை கிறுகிறுத்தது.

அவளிடம் சொல்லாமல், பழைய ஊசியால் அதே எதிர்ப்பக்கமாகத் தள்ளி, எடுத்த கண்ணியோடு இன்னும் சிலவற்றையும் சேர்த்தார். சாயங்காலம் இடது மணிக்கட்டு பூரித்திருந்தது. மணிக்கட்டு மட்டும். மற்றதெல்லாம் எலும்பும் தோலுமாகவே இருந்தது. அவர் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து கிடைத்த பழைய செயின்களையெல்லாம் அதே ஊசியால் கோத்து வலது கைக்கு, கால்களுக்கு, தோளுக்கு, கடைசியில் இடுப்புக்கும் போட்டார். அவள் நடந்தால் வீடே கலகலத்தது. டாக்டர் பார்த்தார், என்ன கேட்பதென்று தெரியாமல் எடையை மட்டும் குறித்துக்கொண்டார். முகத்துக்கு எதைப் போடுவது என்று இவர் முழித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல சோத்தப் போடுங்க. பசிக்குது."

சில மாதம் கழித்து, ஒரு காலையில் இடது கையை நீட்டினாள். "ஏங்க, இறுக்குது. பாருங்க, தடமே விழுந்திருக்கு."

அவர் நம்பாமல் செயினுக்கும் கைக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. கண் கலங்கிவிட்டது. ஊசியை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டார். பிறகு கடையில் வாங்கிய செட்டைத் திறந்து, ஒரு கண்ணி சேர்த்துவிட்டார். சாயங்காலம்வரை வேலைக்கு நடுவே அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பெருக்கவும் இல்லை, இளைக்கவும் இல்லை; அதன்பாட்டுக்கு இருந்தது.