வள்ளக்காரன் சொன்ன சொல்

நார்த்மீட்டில் சச்சிதானந்தன் வீட்டு வரவேற்பறைச் சுவரிலிருந்து ஒரு பாய்மரக் கப்பல் நாளுக்கு ஒரு விரற்கடை வீதம் வெளியேறிக்கொண்டிருந்தது. முந்தைய மாதம், இறந்துபோன ஒரு வெள்ளைக்காரரின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, சுவரளவு பெரிய ஒரு பழைய ஐரோப்பியக் கம்பளத்தை அவர் எடுத்து வந்து அங்கே மாட்டியிருந்தார். கம்பளியிலும் பட்டிலும் நெய்த ரோமப் பழங்கதை அது. எரிந்த நகரத்திலிருந்து கடல்வழியே தப்பி வந்த வீரனுக்கு ஒரு ராணி அடைக்கலம் கொடுக்கிறாள். அவன் ஒருநாள் கப்பலேறிப் போய்விடுகிறான். அவள் விறகு அடுக்கித் தீயில் இறங்குகிறாள். "ஊர் எரிஞ்சு வள்ளத்தில வந்தவன். எங்கட ஆள்," என்றார், தாமும் அப்படியே இந்த நாட்டுக்கு வந்தவரான சச்சிதானந்தன். "சோறு போட்டவளை விட்டிட்டு ஓடுறவன் உங்கட ஆளாவே இருக்கட்டும்," என்றாள் அவர் மனைவி ரஞ்சினி.

கப்பல் நகர நகர, நெய்த விறகு புகைந்தது. கூரையிலிருந்த புகை அலாரம் அலற, தீயணைப்புக்காரர்கள் வந்து பற்றரியை மாற்றிவிட்டுப் போனார்கள். ரஞ்சினி தண்ணீர் தெளித்தாள். கம்பளி நனைந்தது, புகை நிற்கவில்லை. கப்பல் ஓரத்தைத் தாண்டினால் ராணி தீக்குள் போய்விடுவாள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியும் கையுமாக ரஞ்சினி மனம்விட்டுப் பேசியது அந்த ராணியிடம் மட்டும்தான். கடைசியில் அவளே காரணத்தைக் கண்டுபிடித்தாள். "இஞ்சேருங்கோ, உங்கட ஆள் ஒண்டும் சொல்லாமல் வெளிக்கிடுறான். செத்தவீட்டிலயிருந்துதானே அப்பிடி வெளிக்கிடுறது? அதுதான் அவள் விறகடுக்கிறாள்."

சச்சிதானந்தன் கதிரையை இழுத்துக் கப்பலுக்கு முன்னால் போட்டார். "தம்பி, 'போட்டு வாறன்' எண்டு சொல்லும். திரும்பி வருவன் எண்ட ஒரு சொல்லுத்தானே," என்று பின்னேரங்களிலெல்லாம் சொல்லிப் பார்த்தார். கம்பளி உதடுகள் அசையவில்லை. திரும்பி வராதவன் எப்படிச் சொல்லுவான் என்று ரஞ்சினி குசினியிலிருந்து கேட்டாள். "நானும் அம்மாவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். திரும்பிப் போனனானே? ஆனா அந்தச் சொல்லை வைச்சுத்தான் அவ ஊரில இவ்வளவு காலமும் இருக்கிறா," என்றார் அவர். சுவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

பாயின் கடைசி நூல் மறையும்போது பஞ்சடைத்த குரலொன்று தட்டுத்தடுமாறி, "போத்து வாரன்," என்றது. ராணிக்குத் தமிழ் தெரியாததால் ரஞ்சினியே, "ஓம், போட்டு வாங்கோ," என்றாள். ராணி விறகிலிருந்து இறங்கினாள்.

குளிர்காலத்தில் கப்பல் கம்பளத்தின் மற்ற ஓரத்தால் உள்ளே வந்தது. உலகம் உருண்டைதானே என்றார் சச்சிதானந்தன். அன்றிலிருந்து அது போவதும் வருவதுமாக இருக்கிறது; கடல்நீர் சொட்டும் இடத்தில் ரஞ்சினி ஒரு மிதியடியைப் போட்டு வைத்திருக்கிறாள். விறகு மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. அலாரம் இப்போதும் இடைக்கிடை அடிக்கும். சச்சிதானந்தன் கதிரையில் ஏறித் துவாயால் விசிறுவார். ரஞ்சினி கம்பளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அவள் சமைக்கத் தொடங்கியிட்டாள். உங்கட ஆள் வாறான் போல," என்பாள்.