இரண்டாயிரத்து ஐந்நூறு கையெழுத்து

ஒவ்வொரு மார்ச் மாதமும் மேலாளர் நஞ்சப்பனுக்குப் பொடி தீர்ந்துவிடும். முதலில் இடது தோள் வெளுக்கும். பிறகு சட்டையோடு சேர்த்து நெடுக்காக ஒரு வெள்ளைக் கோடு விழும். குறிச்சித் தொழிற்பேட்டையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தீர்ந்துபோன பிரிண்டர் கார்ட்ரிட்ஜ்களைத் துடைத்து, டோனர் பொடி நிரப்பி, மறுபடி விற்கும் கம்பெனி அது. தீர்ந்தால் நிரப்புவார்கள், அவ்வளவுதான்.

துளசிமணிக்குத்தான் மார்ச் வந்தால் நிம்மதி போய்விடும். தரப் பரிசோதனைப் பிரிவில் பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியர். பணி நிரந்தர ஆணை தயாராகத்தான் இருக்கிறது. நஞ்சப்பன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அந்தக் கம்பெனியின் எந்த எழுத்துக்கும் கருமை குறைந்தது 1.30 இருந்தாக வேண்டும். அளந்து சொல்வது துளசிமணியின் வேலை. தன் ஆணையையும் அவளேதான் அளக்க வேண்டும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

இந்த வருடமும் கையெழுத்து வாங்கினாள். கருவியை வைத்தாள். 1.28.

வேறு யாராவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு ‘தேர்ச்சி’ என்று எழுதியிருப்பார்கள். துளசிமணிக்கு அது வராது. பொய் எழுதாதவள் என்று பாராட்டித்தான் அந்த ஆணையே தயாரானது.

“ஒருக்கா குலுக்கிப் பாக்கலாமுங்களா சார்?” என்றாள்.

“குலுக்கு,” என்றார் நஞ்சப்பன்.

அவளும் பொடி நிரப்பும் ஜெபராஜும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இடமும் வலமுமாக ஏழு தடவை குலுக்கினார்கள். கொஞ்சம் கறுத்தார். 1.29. மறுபடி குலுக்கியதில் மூக்குக்கண்ணாடிதான் விழுந்தது.

ஆகவே கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். அன்று படிக்கட்டில் நாற்பது படி அதிகம் இருந்தது. ஜெபராஜ் அவரைத் திறந்து கழிவுப் பொடியைக் கொட்டினான். அதில் முக்கால்வாசி, மீட்டிங்குகளில் அவர் விழுங்கிய பேச்சு. துடைத்து, நிரப்பி, மூடி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் மேலே அனுப்பிவிட்டான். நஞ்சப்பன் புது டயர் மாதிரி வந்து நின்றார்.

இனி என்ன, கையெழுத்துப் போட வேண்டியதுதானே என்பீர்கள். அதுதான் இல்லை. நிரப்பிய எதுவும் சோதனையில் தேறாமல் அலுவலக வேலை செய்யக் கூடாது. சோதனை என்றால், எத்தனை தாளில் கையெழுத்து வருகிறது என்று பொடி தீரும்வரை ஓட்டிப் பார்ப்பது. இரண்டாயிரத்து ஐந்நூறு வந்தால் தேர்ச்சி. வருடா வருடம் சொல்லிவைத்தாற்போல வரும். தேறிய நஞ்சப்பனுக்குள் அடியில் ஒட்டிய பொடிதான் மிச்சமிருக்கும். ஆணையை நீட்டினால் 1.28தான் விழும். தலையாட்டுவதற்குப் பொடி அவ்வளவாகத் தேவையில்லை என்பதால், அடுத்த மார்ச் வரை அதிலேயே ஓட்டிவிடுவார்.

துளசிமணி வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக வைத்தாள். நஞ்சப்பன் குனிந்த தலை நிமிராமல் போட்டார். அவள் அளந்தாள். 1.40. 1.41. 1.41. தாளுக்கு ஓர் அங்குலம் அறை நீண்டது. ஆயிரத்தைத் தாண்டியபோது ஜன்னல், பக்கத்துக் கம்பெனிக்குள் போய்விட்டது. அங்கிருந்தவர்கள் அதைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆயிரத்து இருநூறில் அவளுக்கு ஆத்திரம் வந்தது. எவ்வளவு நல்ல கையெழுத்து, அத்தனையும் வெற்றுத் தாளில்! வெற்றுத் தாள்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். அப்படி எங்கேயும் இல்லை. தன் ஆணையை எடுத்து 1,201வது தாளாக வைத்தாள்.

நஞ்சப்பன் போட்டார். அவள் அளந்தாள். 1.42. மறுபடி அளந்தாள். 1.42. ‘தேர்ச்சி’ என்று எழுதினாள்.

நஞ்சப்பன் பேனாவைக் கீழே வைத்தார்.

“வருசா வருசம் உன்ற ஆர்டரு நடூல வருதான்னு ஒரு தாள் விடாம பாத்துட்டேதான் இருந்தேன், துளசிமணி,” என்றார். “மொத வருசமே வெச்சிருக்கலாமில்ல?”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா சார்?”

“சோதனைல இருக்கற சாமான் பேசக்கூடாதும்மா.”

துளசிமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆணையை மடித்துக் கைப்பையில் வைத்தாள். பதிவேட்டை இழுத்து, 1,201வது தாளுக்கு நேரே, ‘இயங்கும்போது சத்தம்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். பதினொரு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது.

பிறகு 1,202வது தாளை வைத்தாள்.