வட்டமில்லாத மு

விடுமுறைக்குக் கிளம்புவதில் கடினமான வேலை கிளம்புவது அல்ல, வீட்டை நிறுத்துவதுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டை நான்கு நாள் நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேன் வருகிறது. அப்படியென்றால் வெள்ளி மத்தியானம் ஃப்ரிட்ஜ் காலியாகி இருக்க வேண்டும். அதற்கு முட்டை வாங்குவதைத் திங்கட்கிழமையோடும் பாலை வியாழனோடும் நிறுத்த வேண்டும். தடித்த துணி காய ஒன்றரை நாள் ஆகும், ஆகவே கடைசித் துவையல் புதன்கிழமை. ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் உள்ளே நாற்றம் பிடித்துக்கொள்ளும். ஒரு துண்டைச் சுருட்டிக் கதவிடுக்கில் வைத்தால் நான்கு நாளும் காற்று போய் வரும். இதெல்லாம் ஒன்றோடொன்று பல்சக்கரம் மாதிரி. ஒன்று தள்ளினால்தான் அடுத்தது நகரும்.

பதினோரு வருடமாக அந்தச் சக்கரங்களைச் சுற்றியது நான். கீழே நாங்கள், மாடியில் என் கொழுந்தன் குடும்பம், இரண்டுக்கும் சேர்த்துக் கீழே ஒரே சமையலறை. வருடத்தில் ஒரு முறை எல்லோரும் கடலோரம் போவோம். அதற்காக மாதாமாதம் இரண்டு குடும்பத்திலிருந்தும் எடுத்துச் சேர்க்கும் பணம் ஒரு பச்சை ஜிப் பையில் இருக்கும். கூடவே ஒரு நோட்டு. எனக்கு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. எத்தனை விரிப்பு போயிற்று, எத்தனை திரும்பி வந்தது என்று நாள் முழுக்க எழுதுபவள். அதனால் நோட்டில் முழு வார்த்தை எழுத மாட்டேன். ஒரு எழுத்து போதும்.

போன மாதம் சலவைப் பிரிவில் வருடக் கணக்கெடுப்பு. இடுப்பு ஒடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது சொன்னேன்.

"எல்லாம் என் தலைலயே விடியுது."

யாராவது ஒருவர், 'நீ இல்லாட்டி இந்த வீடு என்னாகும்' என்று சொல்வதற்காகச் சொன்னது அது. கொஞ்சம் இடைவெளி விட்டுக் காத்திருக்கவும் செய்தேன்.

"அதுவும் சரிதான்," என்றார் என் மாமியார். "இந்த வருஷம் பைய சின்னவ பாத்துக்கட்டும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது கத்திவிட்டுக் கெட்டது. நான் முனகிக் கெட்டேன்.

சின்னவள் என்றால் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது, இன்னும் அவளுக்கு 'புதுசு' என்றுதான் பெயர். முடி வெட்டும் கடையில் வேலை. பையையும் நோட்டையும் அவள் கையில் கொடுத்தபோது கேட்டாள்.

"எல்லாம் இதுல இருக்குல்லக்கா?"

"இருக்கு," என்றேன். தண்ணீர்க்குழாய் சொட்டுவது எதனால் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு அரைமணி நேரம் விளக்குகிறவள் நான். வாழ்க்கையில் எதையும் விளக்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தால், கூடத்தில் சக்கரப் பெட்டிகள் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றின் மேல் கொழுந்தனின் பையன் உட்கார்ந்திருந்தான், என் மகள் தள்ளினாள்.

"குடும்பத்துக்கு ஒண்ணுக்கா," என்றாள் புதுசு. "ஒண்ணு ரெண்டாயிரம்."

"பணம்?"

"அதான் மிச்சம் இருக்கே."

மிச்சம். பதினோரு வருடத்தில் அந்தப் பையிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. திரும்பி வரும் வழியில் சில்லறை பொறுக்கித்தான் நான் தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மின்சார வேலை செய்பவர். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "பேரிங் வெச்சது. நல்ல சாமான்," என்றார். எனக்கு அவர் கடைசியாக நல்ல சாமான் என்று சொன்னது எப்போதென்று நினைவில்லை.

"நம்ம சோப்பு அண்ணியா இருந்தா பழைய பையையே கயித்தால கட்டித் தந்திருப்பாங்க," என்றான் கொழுந்தன்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரே ஒரு முறை சோப்பு எடுத்து வைக்க மறந்துவிட்டேன். சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள் சோப்பை மறந்தாளாம். அன்றிலிருந்து நான் சோப்பு அண்ணி.

மகள்தான் கடைசி ஆணியை அறைந்தாள். "அம்மா, சித்தி கைல பணம் மிச்சமாகுது. உன் கைல மட்டும் ஏம்மா எப்பவும் பத்தல?"

எனக்கு வயிறு எரிந்தது. அடுப்பு மாதிரி என்று சொல்ல மாட்டேன். அடுப்பை அணைக்க ஒரு குமிழ் உண்டு.

"இன்னொண்ணு," என்றாள் புதுசு. "வெள்ளிக்கிழமை ரெண்டு பேர் வந்து வீடு முழுக்கச் சுத்தம் பண்ணிக் குடுத்துருவாங்க. ரெண்டாயிரம். வந்ததும் குடுக்கணும். நீங்க காலை நீட்டி உக்காருங்கக்கா."

பையை எடுத்துக்கொண்டாள், சரி. என் வெள்ளிக்கிழமையையுமா?

அவள் எப்படி மிச்சம் பிடித்தாள் என்று தெரியாமல் எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. புதன்கிழமை எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. அவள் கடைக்குப் போனதும், புத்தக அலமாரியில் இருந்த நோட்டை எடுத்தேன். ஒரு இயந்திரம் நாம் நினைத்ததைவிட வேகமாக ஓடினால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, ஓட்டுகிறவர் கெட்டிக்காரர். இல்லையென்றால் எங்கேயோ ஒரு பெல்ட் கழன்றிருக்கிறது. நான் பெல்ட்டைத் தேடினேன்.

கண்டும்பிடித்தேன்.

எங்கள் கணக்கு இதுதான். மொத்தம் முப்பதாயிரம். அதில் அறைக்குப் பன்னிரண்டு, வேனுக்கு எட்டு, சாப்பாட்டுக்கு ஆறு, மற்றதற்கெல்லாம் நான்கு. பையைக் கொடுப்பதற்கு முன்பே அறைக்கு நாலாயிரமும் வேனுக்கு இரண்டாயிரமும் முன்பணம் கட்டிவிட்டேன். மீதியை அங்கே போனதும் கட்ட வேண்டும். நோட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'அறை – மு – 4000. வேன் – மு – 2000.' முழு வாடகையை நான் எழுதுவதில்லை, அது என் மண்டைக்குள் இருக்கும். வெறும் 'மு' என்றால் முன்பணம். மீதியையும் கட்டிய பிறகு அந்த மு-வைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்ட மு என்றால் முடிந்தது.

புதுசு இரண்டு வரிக்குப் பக்கத்திலும் டிக் போட்டிருந்தாள். மு என்றால் முடிந்தது என்று படித்திருக்கிறாள். கட்ட வேண்டிய பதினாலாயிரம்தான் அவளுடைய மிச்சம்.

சிரிப்பு வந்தது. பல நாளுக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது.

அவளுக்கு அப்போதே ஃபோன் செய்திருக்கலாம். செய்யவில்லை. துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சனிக்கிழமையை ஓட்டிப் பார்த்தேன். விடுதியின் வரவேற்பு மேசை. அங்கிருப்பவர் மீதி எட்டாயிரம் என்கிறார். புதுசு ஜிப்பைத் திறக்கிறாள், விரலால் துழாவுகிறாள். எல்லோரும் என் பக்கம் திரும்புகிறார்கள். நான் மெதுவாகச் சொல்கிறேன்: 'எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா.' அந்த வரியை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் நன்றாக இருந்தது. அறை கிடைக்காவிட்டால் நானும்தான் பெட்டியோடு தெருவில் நிற்பேன் என்பது அந்த ஒத்திகையில் வரவே இல்லை.

வியாழக்கிழமை அவளே வந்து கேட்டாள். "ஏதாவது விட்டுப்போச்சாக்கா?"

"எனக்கென்ன தெரியும். பை உங்கிட்டதானே இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுத்தம் செய்ய ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். புதுசு பச்சைப் பையிலிருந்து இரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தாள். இருவரும் நன்றாகவே செய்தார்கள், குறை சொல்ல இடமில்லாதது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. ஃப்ரிட்ஜைத் துடைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்குப் போனார்கள். ஒருவரும் பார்க்காதபோது நான் போய்த் துண்டைச் சுருட்டி வைத்தேன். நாற்றம் வந்தால் வரட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஃப்ரிட்ஜ் என்ன பாவம் செய்தது?

கூடத்தில் புத்தக அலமாரியை நகர்த்தும்போது நோட்டு கீழே விழுந்தது. எடுக்கப் போனேன். முதல் பக்கம் திறந்திருந்தது. பதினோரு வருடமாக நான் திருப்பாத பக்கம்.

என் கையெழுத்து, அடியில் கோடெல்லாம் போட்டு: 'எழுத்து விளக்கம். மு – முடிந்தது. பா – பால்...'

உடனே நினைவு வந்தது. முதல் இரண்டு வருடம் முன்பணம் என்பதே கிடையாது, முழுப்பணத்தையும் ஒரே தடவையில் கட்டினோம். மூன்றாம் வருடம்தான் விடுதிக்காரர் முன்பணம் கேட்டார். அன்றைக்கு வட்டத்தைக் கண்டுபிடித்தேன். முதல் பக்கத்தைத் திருத்தவில்லை. எனக்குத்தான் தெரியுமே, யாருக்காகத் திருத்துவது?

ஆக, புதுசு தப்பாகப் படிக்கவில்லை. எழுதியிருந்தபடியே படித்திருக்கிறாள். கழன்றது என் பெல்ட். நாளைக்கு வரவேற்பு மேசையில் அவள் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால், சோப்புக்குப் பதிலாக இனி 'மு அண்ணி'.

நல்ல மனதால் சொல்லப் போனேன் என்று எழுத ஆசைதான். பயத்தால் போனேன்.

பின்கட்டில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நோட்டைக் காட்டினேன்.

"இந்த மு என்னன்னு நெனச்ச?"

"முடிஞ்சதுன்னு. ஏன்க்கா?"

"வட்டம் இருந்தாத்தான் முடிஞ்சது. வட்டமில்லாத மு முன்பணம்."

அவள் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். "அப்ப அறைக்கு நாலாயிரம்னு போட்டிருக்கறது?"

"பன்னெண்டுல நாலு."

"ஐயோ அக்கா. நீங்க பேசி மலிவா முடிச்சிட்டீங்கன்னுல்ல நெனச்சேன். கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க அக்கா பேசினா நாலாயிரத்துக்குக் கடலையே எழுதி வாங்கிடுவாங்கன்னு."

மிச்சம் என் சாமர்த்தியத்தால் வந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். வீட்டில் அதைச் சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு. முன்பின் தெரியாத தலைகளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

"மொதப் பக்கத்துல முடிந்ததுன்னுதானே போட்டிருந்துச்சு," என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை, வெறும் சந்தேகம். பிறகு நிமிர்ந்தாள். "நீங்க எப்பக்கா பாத்தீங்க?"

இப்பத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "புதன்கிழமை," என்று வந்துவிட்டது.

உள்ளே வாளி நகரும் சத்தமும் துடைப்பான் தட்டும் சத்தமும் கேட்டன. அவள் அந்தச் சத்தத்தின் பக்கம் ஒரு முறை பார்த்தாள். "ஓ," என்றாள். அவ்வளவுதான்.

கணக்கை நான்தான் போட்டேன். பையில் இருந்தது பதினெட்டாயிரம், தேவை இருபத்துநாலு. பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தால் நாலாயிரம் வரும், இன்னும் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. துண்டு விழுவது இரண்டாயிரம். சுத்தம் செய்ய வந்தவர்களுக்குக் காலையில் கொடுத்த அதே இரண்டாயிரம். புதன்கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பொறாமைக்கு விலை கிடையாது என்கிறார்கள். இருக்கிறது, காசு சுத்தமாகக் கணக்கிடலாம்.

என் சிறுவாட்டுப் பணம் பொத்தான் டப்பாவுக்குள் இருந்தது. தையல் மிஷினுக்கு மோட்டார் போடச் சேர்த்தது. எண்ணிக் கொண்டுவந்து கொடுத்தேன். என் வேலையை என்னிடமிருந்து பிடுங்கியதற்கு நானே கூலி கொடுத்த மாதிரி ஆயிற்று.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பெட்டிகள் கடைக்குத் திரும்பிவிட்டன. எல்லோரும் தட்டில் கை வைத்ததும் புதுசு சொன்னாள்.

"ஒரு விஷயம். நோட்டை நான் தப்பாப் படிச்சிட்டேன். மிச்சமெல்லாம் ஒண்ணும் கிடையாது, கட்டவேண்டிய பணம் அது. பெட்டியக் குடுத்தாச்சு. அக்காதான் கண்டுபிடிச்சு, கைக்காசும் போட்டாங்க."

முதல் பக்கத்தைப் பற்றியோ புதன்கிழமையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். இப்போது வரும் என்று இருந்தேன். கொழுந்தன் சிரித்தான். என் வீட்டுக்காரர், "பரவால்ல, பேரிங் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். மகள் பெட்டிக்காக அரை நிமிடம் முகத்தைத் தொங்கவிட்டாள், பிறகு, "சித்தி, நீ தைரியமாச் சொல்லிட்ட," என்றாள்.

"கத்துக்குவா," என்றார் மாமியார். "தப்புப் பண்ணாதவ யாரு?"

ஒரு சோப்புக்கு ஆறு வருடம். பதினாலாயிரத்துக்கு அரை நிமிடம். அவளுக்குத் தப்புச் செய்யக்கூட என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சாப்பாடு முடிந்து தட்டு கழுவும்போது கேட்டேன். "பைய நான் வாங்கிக்கவா?"

"வேணாம்க்கா," என்றாள் யோசிக்காமல். "இப்பத்தான பழகிருக்கேன். அடுத்த வருஷமும் நானே பாக்கறேன்."

தட்டை மூன்று முறை கழுவினேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு வேன் வந்தது. பழைய பைகளைக் கயிற்றால் கட்டி ஏற்றினோம். சோப்பு இருக்கிறதா என்று கொழுந்தன் கேட்டான். நாலு இருந்தது. தண்ணீர் மோட்டாரை அணைத்தேன், சிலிண்டரைத் திருகி மூடினேன், துண்டு இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறினேன். மிச்சமிருந்த ஒரே இடம் புதுசுவின் பக்கத்தில்தான். அவள் மடியில் பச்சைப் பை, அதன் மேல் நோட்டு.

தெரு திரும்பியதும் கேட்டாள். "அக்கா, இதுல ரெண்டு அர்த்தம் இருக்கற எழுத்து வேற ஏதாவது இருக்கா?"

இருந்தது. 'பா'. முதல் பக்கத்தில் அது பால். நான்காம் வருடத்திலிருந்து, மேலே புள்ளி வைத்தால் பாக்கி. இல்லை என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். அடுத்த வருடம் வரை அது அங்கேயே கிடக்கும். ஒரு தெருவின் தூரம் அதை யோசித்தேன்.

ஆனால் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால், என்னால் சும்மா இருக்க முடியாது.

"இருக்கு," என்றேன். "போய்ச் சேர எவ்ளோ நேரமாகும்?"

"மூணு மணி நேரம்னாரு டிரைவர்."

"போதும். பேனா எடு."

அவள் பேனாவுக்காகப் பச்சைப் பையைத் திறந்தாள். எடுத்துவிட்டு ஜிப்பைப் பாதிதான் இழுத்தாள். வேன் குலுங்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு ரூபாய் நோட்டின் ஓரம் எட்டிப் பார்த்தது. எப்படியும் என் பக்கத்தில்தான் இருக்கிறது, எங்கே போய்விடும்?

'பா'வை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் ஜிப் திறந்திருப்பதைச் சொன்னேன்.