சூடேறிய காரும் டாக்டரின் தீர்ப்பும்

அந்தப் பட்டறைக்காரரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடும் எஞ்சின் மேல் நீள ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். தினமும் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் கண்ணை மூடி, "என்னால யாருக்கும் கெடுதல் வரக்கூடாது கடவுளே" என்று வேண்டிக்கொள்வார். அன்றும் வேண்டிக்கொண்டார். ஆனால் பத்து மணிக்குள் வாயை அடக்க மறந்துவிட்டார்.

தலைமையாசிரியை தன் அப்பா காலத்துக் காரை ஓட்டி வந்து நிறுத்தினார். பானெட் இடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது.

"டாக்டரே, உங்க பேஷண்ட்டுக்கு மறுபடி காய்ச்சல்."

மூன்று மாதம் முன்பு அந்த எஞ்சினைப் பிரித்து, பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை மாற்றியவர் டாக்டர்தான். போன வாரம் முதல் முறையாக வண்டி வெகுதூரம் போனபோது கொதித்துவிட்டது. பள்ளிக்குப் பக்கத்தில் டாக்டரின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, தனியாகப் பட்டறை வைத்திருந்தான். தலைமையாசிரியை காரை அவனிடம் காட்டினார். அவன் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டு, "எஞ்சினைப் பிரிச்சது மாமா. மீதிய அவரே பாக்கட்டும். மெதுவா ஓட்டிட்டு நேரா அங்க போங்க" என்று அனுப்பியிருந்தான்.

வேறு வண்டிகளுக்காகக் காத்திருந்த இரண்டு டிரைவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அவன் கழுவினானா? சாப்பிட்ட தட்டையே பாதிதான் கழுவுவான். ரேடியேட்டர் அடைச்சுக் கிடக்கு. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை.

"பள்ளிக்கூட வேன் நாலையும் ரிப்பேர் பாக்க உங்க மச்சினன்கிட்ட ஒப்படைக்கலாம்னு இருந்தோம். இன்னிக்குச் சாயங்காலம் முடிவு சொல்லணும். குழந்தைங்க ஏறுற வண்டி. நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

"நிச்சயம்."

"அப்ப வேண்டாம்னு சொல்லிடறேன். நாலு மணிக்கு வரேன்."

எஞ்சின் ஆறியதும் டாக்டர் ரேடியேட்டரின் மேல்பக்கம் தண்ணீர் ஊற்றினார். கீழே தடையில்லாமல் கொட்டியது. மச்சினன் சுத்தமாகத்தான் கழுவியிருந்தான். ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. சூடானால் திறந்து தண்ணீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். அது நல்ல பிள்ளையாக வாயைத் திறந்தது. கடைசியாக, தெர்மோஸ்டாட் இருந்த துவாரத்துக்குள் விரலை விட்டார். ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது.

குறட்டால் இழுத்தார். ஒரு சாண் துணி வந்தது. பச்சையில் வெள்ளைப் பூ. அவர் மனைவி கை துடைக்கக் கிழித்துக் கொடுத்த பழைய ஜன்னல் திரை.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது தூசி உள்ளே விழாமலிருக்கத் துவாரங்களில் துணி அடைப்பது பட்டறை வழக்கம். வேலை முடிந்ததும் ஸ்பேனர்களை ஒன்றுவிடாமல் எண்ணி வைக்கும் டாக்டர், துணிகளை எண்ணவில்லை. கடைக்கும் பள்ளிக்கும் போய் வந்தவரை ஓரமாகக் கிடந்த துணி, வெகுதூரம் ஓடியதும் நகர்ந்து தண்ணீர் போகும் வழியை அடைத்துவிட்டது.

உடனே அவர் செய்த காரியம், யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான். யாருமில்லை. துணியைக் குப்பை டிரம்மில் போட்டு, மேலே ஒரு எண்ணெய்க் காகிதத்தையும் போட்டார். எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டபோது சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது.

நாலு மணிக்கு தலைமையாசிரியை வந்தார்.

"அடைப்பு எடுத்தாச்சும்மா," என்றார் டாக்டர். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் அவரை இன்னும் கூசவைத்தது.

"அப்ப நீங்க சொன்னதுதான் சரி," என்று தலைமையாசிரியை, மச்சினனிடம் வேண்டாம் என்று சொல்லக் கைப்பேசியை எடுத்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம்."

டாக்டர் டிரம்முக்குள் கைவிட்டுத் துணியை எடுத்து வந்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தலைமையாசிரியை கைப்பேசியை உள்ளே வைத்தார். பிறகு, "என்கிட்ட சொல்லிட்டீங்க. வேன் வேலை அவருக்குத்தான். ஆனா காலைல நீங்க பேசினது நாலு பேர் முன்னாடி. அதையும் நாலு பேர் முன்னாடியே சரிபண்ணணும்" என்றார். கார்க் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்க."

மச்சினன் பட்டறையில் மூன்று நான்கு பேர் நின்றிருந்தார்கள். டாக்டர் கையிலிருந்த துணியைப் பார்த்ததும் அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"வந்துடுச்சா மாமா?"

"உனக்குத் தெரியுமா?"

"ரேடியேட்டர்ல பச்சை நூல் வந்துச்சு. அக்கா வீட்டுத் திரை எனக்குத் தெரியாதா? நான் எடுத்தா அவங்ககிட்ட நான் விளக்கம் சொல்லணும். நீங்க எடுத்தா உங்களோட போயிடும்னு நெனச்சேன்."

அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் டாக்டரால் தாங்கியிருக்க முடியும்.

"உள்ள வாங்க மாமா. டீ சொல்றேன்."

"இரு மாப்ள."

டாக்டர் அங்கே நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "காலைல நான் இவனைப் பத்தி..." என்று தொடங்கினார். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. குரலை உயர்த்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பேச்சை நிறுத்த அவர் தோளைத் தொட்ட மச்சினன், அது முடியாது என்று தெரிந்ததும் கையை எடுக்காமல் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டான். தவறு தன்னுடையதும்தான் என்பதுபோல அவனும் தலையைக் குனிந்திருந்தான்.